பேபி ஓவர் கேட்ட கேப்டன்

எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. நாங்கள் செய்யும் வேலை முழுக்க அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக என்பதால், அதில் ஓடுவதும் பெரும்பாலும் அவர்கள் பார்ப்பதுதான். அக்டோபர் மாதத்தில் காலை ஷிப்டுக்குப் போனால் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், நமக்கு இட்லி நேரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மட்டை உலக்கை மாதிரி இருக்கிறது, அடித்தவன் மட்டையை வீசி எறிந்துவிட்டு ஓடுகிறான், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் பொங்கல் தட்டோடு உட்கார்ந்தபோது திரையில் ஒரு காட்சி. தொப்பை விழுந்த ஒரு பெரிய மனிதர், ஆடுகிறவர்கள் போட்டிருந்த அதே உடையை மாட்டிக்கொண்டு, ஓரத்துக் கொட்டகையிலிருந்து படியேறி மைதானத்துக்குள் நடந்து வந்தார். அவசரமே படவில்லை. நடுவில் பந்து வீசுகிறவன் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவனும் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பெரியவர் கையை நீட்டினார். வீசுகிறவன் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

"என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் இருந்த சக ஊழியரைக் கேட்டேன். அவர் இந்த ஆட்டத்தில் ஊறியவர்.

"மேனேஜர் அவனை எடுத்துட்டார். பிளே-ஆஃப்ல இதுதாங்க பெரிய டென்ஷனே. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமா, முன்னாடியே எடுத்திருக்கணுமான்னு நாளைக்கு முழுக்க அந்த மனுஷனைப் போட்டுத் திட்டுவாங்க."

"ஓவர் முடியறதுக்கு முன்னாலயே எடுக்கலாமா?"

"ஓவரே கிடையாதுங்க இதுல."

என் வாயிலிருந்து தானாக வந்தது: "அப்ப இது பேபி ஓவர்."

அவர் விழித்தார். வடசென்னையில், எங்கள் கல்மண்டபத்துப் பக்கம் வளர்ந்திருந்தால் விழித்திருக்க மாட்டார்.

பேபி ஓவர் என்பது எங்கள் தெருக் கிரிக்கெட்டின் விதி. சின்னப் பையன்களுக்குப் பந்து கொடுத்தால் ஓவரே முடியாது, வைடாகவே போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் மூன்று பந்து ஆனதும் அவனை நிறுத்திவிட்டு, மீதியை வேறு ஒருவன் போடலாம். அதற்குத்தான் அந்தப் பெயர். டென்னிஸ் பந்து டோர்னமென்ட்களிலும் இந்த விதியை வைத்திருந்தார்கள், ஒரு ஆட்டத்தில் ஒரு டீம் ஒரு முறை கேட்கலாம் என்று. ஆனால் மீசை முளைத்தவனுக்கு யாரும் கேட்பதில்லை. கேட்டால் அம்பயர் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டுவார். மைதானமே சிரிக்கும். அந்த அவமானத்துக்குப் பயந்தே, அடி வாங்கினாலும் பரவாயில்லை, ஆறு பந்தையும் போட்டு முடித்துவிடட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் கேப்டன் ஒருமுறை கேட்டான். சாதாரண ஆட்டத்தில் அல்ல, இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில். அதுவும் சின்னப் பையனுக்கு அல்ல, எங்கள் டீமின் முதல் பந்துவீச்சாளனுக்கு, தன்னுடைய உயிர்த் தோழனுக்கு.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான் என்பதால், டீமில் எனக்கு "படிச்சவரு" என்று பெயர். விக்கெட் கீப்பர். கேப்டனுக்குத் துறைமுகச் சாலையில் பஞ்சர் கடை. கன்டெய்னர் லாரி டயர்களைக் கழற்றி மாட்டியே அவன் தோள் இரண்டும் பானை மாதிரி இருக்கும். பந்துவீச்சாளனை எல்லாரும் லெஃப்டு என்றுதான் கூப்பிடுவோம், இடக்கைக்காரன். மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. கேப்டன் வீட்டுக்கும் லெஃப்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்த வீட்டில் மிக்ஸி ஓடினால் அந்த வீட்டில் டம்ளர் ஆடும்.

ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் மூக்கில் டீசல் வாசனை அடிக்கிறது. திருவொற்றியூர் போகிற வழியில் லாரிகள் நிற்கிற பொட்டல்தான் எங்கள் மைதானம். வாரம் முழுக்க டிரெய்லர்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். ஞாயிறு பாதி காலியாகும். மிச்சமிருக்கும் கன்டெய்னர்களின் வரிசைதான் எல்லைக்கோடு. பந்து போய் மோதினால் 'டொம்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் நான்கு ரன். நிலக்கரித் தூசியில் உருண்டு உருண்டு, பச்சைப் பந்து பத்து ஓவருக்குள் கருப்புப் பந்தாகிவிடும். வீட்டுக்குப் போனால் அம்மா சட்டையைக் கையால் தொடமாட்டாள். "வாசல்லயே கயட்டிப் போடு, கலீஜ் புட்ச்சவனே" என்பாள்.

அந்த வருடம் எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. ஆளுக்கொரு திசையில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். லெஃப்டு குடும்பம் ஊரின் அந்தக் கோடிக்கு, பெரும்பாக்கத்துக்குப் போவதாக இருந்தது. ஒரே குடியிருப்பின் இரண்டு பிளாக்குகளிலிருந்து வந்த டீம் எங்களுடையது. இனி அது இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவரை ஒரு கப்பும் ஜெயித்ததில்லை நாங்கள். அரை இறுதிவரை போவோம், ரோஸ் மில்க் குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். அந்த முறைதான் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம்.

முந்தைய நாள் சாயங்காலம் டீக்கடையில் லெஃப்டு கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமு, நாளைக்கு எங்கம்மா வருது மேட்ச்சு பாக்க."

"உங்கம்மாவா? நெசமாவா? பால் ஜன்னல்ல பட்டா அர்வாமனை தூக்கினு வருமே, அந்த அம்மாவா?"

"அத்தான். இவ்ளோ நாள் இன்னாதான்டா ஆடிக்கினு கீறீங்கன்னு பாக்கணுமாம். கடைசி ஓவர் எனுக்குக் குடு. அடி வாங்கினாலும் சரி, விக்கெட் எட்த்தாலும் சரி, நான்தான் முடிக்கணும்."

"உனுக்கு இல்லாம வேற யாருக்குடா குடுக்கப்போறேன்? சத்தியமா உனுக்குத்தான்."

அங்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லார் காதிலும் விழுந்தது.

மறுநாள் பிற்பகல் ஆட்டம். எதிர் டீம் திருவொற்றியூர்க்காரர்கள். நாங்கள் முதலில் ஆடி ஓரளவுக்கு ரன் சேர்த்திருந்தோம். கன்டெய்னர் நிழலில் லெஃப்டின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து டோர்னமென்டில் மைக் இல்லாமல் ஆட்டம் கிடையாது. மைக் பிடித்த அண்ணன் காலையிலிருந்து தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

கடைசி ஓவர். அவர்களுக்குப் பன்னிரண்டு ரன் வேண்டும். கேப்டன் பந்தை லெஃப்டிடம் கொடுத்தான்.

"வராரு, வராரு, ஐஸ் கம்பெனி எக்ஸ்பிரஸ் வராரு! பேட்ஸ்மேன் தம்பி, ஸ்வெட்டர் போட்டுக்கினு நில்லு, குளுரும்!" என்றார் மைக் அண்ணன்.

முதல் பந்து காலடியில் விழ வேண்டியது, இடுப்புக்கு நேராக வந்தது. 'டொம்.' நான்கு. இரண்டாவது பந்தை பேட்ஸ்மேன் அடிக்கப் போய்த் தவறவிட்டான், என் கைக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் திக்கென்றது. லெஃப்டின் பந்தை வெறுங்கையால் பிடித்தே பழகியவன் நான். அவன் பந்து என்றால் உள்ளங்கை சிவந்து, ராத்திரி சோறு பிசையும்போதுகூட எரியும். அன்றைக்கு அந்தப் பந்து துணி மூட்டை மாதிரி வந்து விழுந்தது. அடுத்தது வைடாகப் போனது, அதற்கு ஒரு ரன். அதற்கடுத்ததில் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார்கள். கணக்கில் சேர்ந்த பந்து மூன்று ஆகியிருந்தது. மூன்று பந்தில் ஆறு ரன் வேண்டும்.

கேப்டன் தன் இடத்திலிருந்து புறப்பட்டான். எப்போதும் ஓடித்தான் வருவான். அன்றைக்கு நடந்து வந்தான். நானும் குச்சிகளுக்குப் பின்னாலிருந்து போனேன்.

"இன்னாடா?" என்றான் லெஃப்டு.

"ஒண்ணியும் இல்ல. மூச்சு வாங்கிக்கோ."

"மூச்செல்லாம் நல்லாத்தான் கீது. நீ போய் உன் எடத்துல நில்லு."

கேப்டன் என் பக்கம் திரும்பினான். "பால் எப்டிடா வருது?"

இப்போது அந்த அமெரிக்க ஆட்டங்களைப் பார்க்கும்போது சக ஊழியர் சொல்லுவார்: எத்தனை பந்து வீசினான், வேகம் எவ்வளவு குறைந்தது, இந்த பேட்ஸ்மேன் இவனை எத்தனையாவது தடவை சந்திக்கிறான் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்க அங்கே ஒரு கூட்டமே இருக்கிறதாம். எங்கள் கேப்டனுக்கு என் உள்ளங்கைதான் இருந்தது.

"வரல," என்றேன். "கைல வுழறதே தெர்ல."

லெஃப்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "காலேஜ்ல இத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? குச்சிக்குப் பின்னால குந்திகினு புடிக்கிற வேலைய மட்டும் பாரு நைனா."

"தோள் நோவுதா?" என்றான் கேப்டன்.

"நோவல."

"கையத் தூக்கு பாப்போம்."

"தூக்கிக் காட்டறதுக்கு நான் இன்னா ஸ்கூல் புள்ளயா? மாமு, நேத்து இன்னா சொன்ன நீ? டீக்கடைல, இத்தினி பேர் முன்னால இன்னா சொன்ன?"

"சொன்னேன்."

"எங்கம்மா குந்திகினு கீது பாரு."

"பாத்தேன்."

"அப்பால?"

மைக் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா, மூணு பேரும் கல்யாணப் பேச்சு பேசிகினு கீறீங்களா? சட்டுனு தேதி குறிங்க, எனுக்கு வூட்ல மீன் கொயம்பு ஆறுது!"

கூட்டம் சிரித்தது. கேப்டன் கையை நீட்டினான். டயர் ஒட்டுகிற பசையும் கிரீஸும் ஏறி என்றைக்கும் கருப்பாகவே இருக்கும் கை.

"குட்றா."

லெஃப்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூவரும் ஒரே நடைபாதையில் நடை பழகியவர்கள். அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. பந்தைக் கேப்டன் கையில் வைக்கவில்லை. என் மார்பைப் பார்த்து வீசினான். "இந்தா படிச்சவரே, நீயே வெச்சிக்கோ." சொல்லிவிட்டு எல்லைக்கோட்டுக்கு நடந்தான், அவன் அம்மா உட்கார்ந்திருந்ததற்கு எதிர்ப் பக்கமாக.

"பேபி ஓவரா?" என்று அம்பயர் ஒரு முறைக்கு இரண்டு முறை கேப்டனிடம் கேட்டார். பிறகு கைகளை நெஞ்சோடு சேர்த்துத் தாலாட்டிக் காட்டினார்.

"அய்யய்யோ! ஃபைனல்ல பேபி ஓவரு! ஐஸ் கம்பெனிக்கு தொட்டில் கட்டிட்டாங்கபா!"

திருவொற்றியூர்ப் பையன்கள் "பேபி! பேபி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவன் குழந்தை மாதிரி அழுதுகாட்டினான். லெஃப்டு முதுகைக் காட்டிக்கொண்டு, கன்டெய்னரைப் பார்த்தபடியே நின்றான்.

பந்தை வாங்கியவன் எங்கள் சுழல்காரன், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவன், பேச்சே வராதவன். முதல் பந்தில் இரண்டு ரன் போனது. அடுத்ததை அவ்வளவு அழகாகப் போட்டான், பேட்ஸ்மேன் சுற்றிய சுற்றில் அவனே விழப் பார்த்தான், பந்து என் கையில் இருந்தது. ஒரு பந்து, நான்கு ரன். கடைசிப் பந்தும் நல்ல பந்துதான். மெதுவாக, மேலே தூக்கிப் போட்டான். பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். மட்டையின் மேல் விளிம்பில் பட்டு, பந்து என் தலைக்கு மேலே எழும்பிப் பின்னால் போனது. எங்கள் பொட்டலில் கீப்பருக்குப் பின்னால் யாரையும் நிறுத்துவதில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அது ஒரு முறை குதித்து, இரண்டு முறை குதித்து, உருண்டது.

டொம்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே சங்கடமாக இருக்கிறது. எங்கள் பிளாக்கிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவர்களே கேப்டனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அவனையே போட உட்டிருந்தா கப்பு நம்ம கைல கீதுடா!"

"சுத்தறவன்கிட்ட எவனாவது கடைசி ஓவரக் குடுப்பானா? மண்டைல மூளை கீதா, பஞ்சர் பசை கீதா?"

"தோஸ்தையே நம்பாதவன்லாம் இன்னா கேப்டனு?"

கேப்டன் குச்சிகளைப் பிடுங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கடைசிப் பந்து மட்டையின் நடுவில் பட்டிருந்தால் பேட்ஸ்மேன் தூக்கிக் கொடுத்து அவுட் ஆகியிருப்பான், மேல் விளிம்பில் பட்டதால் ஜெயித்தான். இதை நான் சொல்லிப் பார்த்தேன். படித்தவன் பேச்சை அன்றைக்குக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. நல்ல முடிவு எடுத்தும் தோற்கலாம் என்பது எவ்வளவு எளிமையான விஷயம், அதை ஒரு கூட்டத்துக்குப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

லெஃப்டின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அரிவாள்மனைதான் இல்லை, நடையெல்லாம் அதே நடை.

"இன்னா அவனப் போட்டு பேஜாரு பண்ணிகினு கீறீங்க? டேய் கேப்டனு, எம்புள்ளைக்குத் தோள் நோவுதுன்னுதானே எட்த்த?"

கேப்டன் நிமிர்ந்தான்.

"வெடிகால ஐஸ் ஏத்திட்டு வந்தவன் கையத் தூக்கி சட்டை போட முடியாம நின்னான். நான்தான் தைலம் தேச்சி உட்டேன். இன்னைக்கு ஆட்டத்துக்குப் போவாதடான்னேன். கேப்டனாண்ட சொன்னா வெட்டிப்புடுவேன்னான். நீ எப்டியோ கண்டுபுட்ச்சிகின. நல்லது பண்ண போ."

கொஞ்ச தூரத்தில் லெஃப்டு நின்றிருந்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கேப்டனுக்கு நேர் எதிரே வந்தான்.

"எட்த்தது கரீட்டுதான்," என்றான். "நானா இருந்தாலும் எட்த்திருப்பேன். குடுக்கறேன்னு சத்தியம் பண்ண பாரு, அத்த ஏன்டா பண்ண?"

கேப்டன் துணிப்பையின் வாயைச் சுருட்டிக் கட்டினான். அவன் முந்தைய நாளே "பாக்கலாம்டா, நாளைக்கு உன் கை எப்டி கீதுன்னு பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீடு காலி செய்யப் போகிற தோழன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது, எங்கள் பக்கத்தில் எவன் அப்படிச் சொல்லுவான்?

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமல்ல. தண்ணீர் லாரி வந்தால் ஒரே வரிசையில் குடத்தோடு நிற்பார்கள். ஒருவன் வானத்தைப் பார்ப்பான், இன்னொருவன் குடத்தைப் பார்ப்பான். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவேன். "அவன் இன்னா சொல்றான்?" என்று இருவருமே என்னிடம் கேட்பார்கள், இருவருமே ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லெஃப்டு வீடு காலி செய்த அன்று குட்டியானை வண்டி ஒன்று சந்துக்குள் வந்து நின்றது. நானும் போயிருந்தேன். பீரோவை மாடியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருந்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. அடிப்பக்கத்தை யாரோ தாங்குவது தெரிந்தது. குனிந்து பார்த்தால் கேப்டன். கடையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறான், கையில் கிரீஸ்.

லெஃப்டு மேலே பிடித்திருந்தான், கேப்டன் கீழே. "சாய்ச்சிக்கோ," என்றான் கேப்டன், பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல. லெஃப்டு சாய்த்தான்.

"வலது தோள்ல வெய்டா. அந்தத் தோள்ல வெக்காத," என்றான் கேப்டன்.

லெஃப்டு தோள் மாற்றிக்கொண்டான்.

சாமான்களையெல்லாம் ஏற்றி முடித்து, கயிற்றின் ஒரு முனையை லெஃப்டு வண்டிக்கு மேலே வீசினான். அந்தப் பக்கம் கேப்டன் பிடித்து இழுத்துக் கட்டினான். லெஃப்டின் அம்மா மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அங்க கிரவுண்டு கீதா?" என்று கேப்டன் கேட்டான். கேள்வி கயிற்றைப் பார்த்துத்தான்.

"பெருசா கீதாம். லாரி கீரி எதுவும் நிக்காதாம்."

"டீமு?"

"இனிமேதான் சேக்கணும்."

"பௌலிங்கு?"

"ஏன், நான் கீறேன்ல?"

"கேப்டனு?"

லெஃப்டு வண்டியின் பின்பக்கம் ஏறி, பாய்ச் சுருட்டலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் கேப்டன் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அதுவும் நான்தான்டா. அப்போ எவன் வந்து கைய நீட்றான்னு பாக்கறேன்."

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. லெஃப்டும் சிரித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். சந்து குறுகல், வண்டியைத் திருப்ப வழியில்லை, பின்னாலேயே எடுத்துப் போக வேண்டும். வழியில் கிடந்த மீன் டப்பாக்களைக் கேப்டன் காலால் ஒதுக்கினான், சைக்கிள்களைத் தூக்கி ஓரமாக வைத்தான். பிறகு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, மெயின் ரோடு வரைக்கும் கத்திக்கொண்டே நடந்தான்.

"வா, வா, வா… ரைட்ல ஒடி… இன்னும் ஒடி… வா மாமு, எடம் கீது, வா."